தீக்குழியா, சுவர்க்கணப்பா: கிளறுகோல் உரிமை பற்றிய ஓர் ஆராய்ச்சி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் புறநகர் வீடுகளுக்குக் கொல்லைப்புறம் உண்டு. ஆனால் அங்கே கிணறு, துவைகல், முருங்கை ஆகிய மூன்றும் இரா, புல்தரையும் அதைச் சுற்றி மரவேலியும், பின்கதவை ஒட்டிக் கல் பாவிய ஒரு முற்றமுமே இருக்கும். அக்டோபர் மாதத்து மாலைகளில் குளிர் இறங்கத் தொடங்கியதும், அம்முற்றத்தில் நெருப்பை எவ்வடிவில் அமர்த்துவது என்னும் வினா குடும்பந்தோறும் எழுகிறது. இதற்கு விடைகள் இரண்டே என்பதும், ஒரு விடையைக் கொண்டவர் மற்றதைக் கொண்டவரை அறியாமையில் உழல்பவராகக் கருதி இரங்குவர் என்பதும், விலை, வெப்பம், புகை ஆகியவற்றையே பேசிப் பேசி இருசாராரும் மெய்யான காரணத்தை வாய்விட்டுச் சொல்லாமலே விட்டனர் என்பதும் இவ்வாராய்ச்சி தொடங்கும் இடங்கள்.

முதலில் பெயர்கள். செங்கல்லாலோ கருங்கல்லாலோ சுவர்போல் எழுப்பி, மூன்று பக்கங்களை அடைத்து, நான்காம் பக்கத்தில் வாய் வைத்து, உச்சியில் புகைபோக்கி நிறுத்திய அமைப்பு இங்கே சுவர்க்கணப்பு எனப்படும். கணப்பு என்பது சமைப்பதற்கன்றிக் குளிர் காய்வதற்கென்றே மூட்டும் தீ. தரையில் வட்டமாகத் தோண்டியோ வளையமாகக் கல் அடுக்கியோ, எல்லாப் பக்கமும் திறந்திருக்குமாறு அமைப்பது தீக்குழி. குழி என்றதும் தமிழ் வாசகருக்குத் திருவிழாப் பூக்குழி நினைவுக்கு வரக்கூடும். கொங்கு நாட்டில் அதையே குண்டம் என்பர். இரண்டுக்கும் வேறுபாடு என்னையெனின், பூக்குழியில் இறங்குவது நேர்த்திக்கடன், தீக்குழியில் இறங்குவது விபத்து. இன்னுமொரு சிக்கலும் உண்டு. தீக்குழி என்ற பெயரில் கடைகளில் விற்பவற்றுள் பல, மூன்று அல்லது நான்கு கால்களில் தரைக்கு மேலே நிற்கும் இரும்புச் சட்டிகளே. வாங்கியவர் மண்வெட்டியைத் தொடுவதே இல்லை. பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்த நன்னூலார் இச்சட்டியைக் கண்டிருப்பின், குழி தோண்டாமலே காரணப்பெயர் பெற்ற பொருளுக்கென்று மூன்றாவதாக ஒரு வகை வகுத்திருக்க வேண்டியிருக்கும்.

தொன்மையால் எது மூத்தது என்று வழக்காடுவோர்க்கு அகழாய்வு பெரிதும் உதவுவதாயில்லை. தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் ஏறத்தாழ 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நெருப்பு எரிந்ததற்கான சாம்பலும் கருகிய எலும்புத் துணுக்குகளும் கிடைத்திருப்பது 2012இல் வெளியிடப்பட்டது. அந்நெருப்பு குகைவாயிலிலிருந்து சுமார் 30 மீட்டர் உள்ளே எரிந்திருப்பதால், சுற்றிலும் சுவர் இருந்தது என்று சுவர்க்கணப்பார் உரிமை கொண்டாடலாம், புகைபோக்கி இருக்கவில்லையே என்று குழியார் மறுக்கலாம். ஐரோப்பாவின் இடைக்காலம் இதைவிடத் தெளிவாகப் பேசுகிறது. அங்கே பெருங்கூடத்தின் நட்டநடுவில் தரையிலேயே தீ எரிந்தது, புகை கூரையிடுக்கின் வழியே தன் விருப்பம்போல் வெளியேறியது, பிரபுவும் பணியாளும் ஒரே புகையில் இருமினர். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், 1341இல் கட்டத் தொடங்கிய பென்ஷர்ஸ்ட் மாளிகைக் கூடத்தில் அத்தகைய எண்கோண நடுத்தீத்தளம் இன்றும் இருக்கிறது. அதற்கும் முன்பே, 12ஆம் நூற்றாண்டு முதலாகவே, கோட்டைகளில் நெருப்பு சுவரோரம் ஒதுங்கிப் புகைபோக்கி பெறத் தொடங்கியிருந்தது. ஆக, அமெரிக்கக் கொல்லைப்புறத்தார் புதிதாகக் கண்டதாக எண்ணி விவாதிப்பது, ஆங்கிலேயக் கூடங்களில் சில நூற்றாண்டுகள் எடுத்துத் தீர்த்துக்கொள்ளப்பட்ட பழைய வழக்கேயாகும்.

தமிழிலும் இவ்விரு நெறிகளும் ஒரே பாட்டுக்குள் உள்ளன. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில், விடாமழையில் மேட்டுநிலத்தில் தங்கிய கோவலர் கையில் கொள்ளியைப் பிடித்தபடி நடுங்குகின்றனர். நகரத்தாரோ தடவு என்னும் வாய் அகன்ற கணப்புச்சட்டியில் தீயிட்டுக் காய்கின்றனர். அப்பாட்டைப் பாடிய நக்கீரர் இவற்றுள் எது சிறந்தது என்று சொல்லவில்லை. கோவலர் தீயைக் கையிலேயே வைத்திருந்தனர் என்பதை மட்டும் வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இவ்வாராய்ச்சி முடிவில் அவ்விடத்துக்கே திரும்பும்.

இலத்தீன் மொழியில் கணப்புத் தீயிடத்துக்குப் ஃபோகஸ் என்று பெயர். கூம்பு வளைவுகளில் கோடுகள் வந்து கூடும் புள்ளிக்கு அச்சொல்லை 1604இல் கெப்ளர் சூட்டினார். இன்று புகைப்படக்காரர் ஃபோகஸ் தப்பிவிட்டது என்று வருந்தும்போதெல்லாம் அவர் அறியாமலே அடுப்பங்கரையை நினைவுகூர்கிறார். எல்லாக் கோடுகளும் தீயை நோக்கி வரும் என்பதற்கு இச்சொல் சான்று. அக்கோடுகள் வட்டத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வர வேண்டுமா, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் போதுமா என்பதே வழக்கு.

சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் பிறர் கொள்கையை மறுக்கும் பரபக்கத்தை முன்வைத்துத் தன் கொள்கையை நிறுவும் சுபக்கத்தைப் பின்வைத்தது; கொல்லைப்புறத் தீக்கும் அம்முறை பொருந்தும்.

வெப்பவாதியர் கூறுவது: திறந்த தீயில் சூடான காற்று நேரே மேலே போய்விடுகிறது, அதனால் வானம் ஒருவாறு வெதுவெதுப்படைகிறதேயன்றி மனிதருக்குப் பயனில்லை, மனிதரை எட்டுவது காங்கை, அதாவது தணலிலிருந்தும் தழலிலிருந்தும் நேர்க்கோட்டில் பாயும் கதிர்வீச்சு வெப்பம், மட்டுமே, அதைத் திருப்பி அனுப்பச் சுவர் வேண்டும் என்பது. இவர்களுக்கு முதலாசிரியர் ரம்ஃபோர்டு பிரபு எனப்பட்ட பெஞ்சமின் தாம்சன். மாசசூசெட்ஸில் பிறந்து, அமெரிக்கப் புரட்சியில் ஆங்கிலேயர் பக்கம் நின்று நாட்டைவிட்டுப் போன அவர், 1796இல் கணப்புகளைப் பற்றி எழுதி, தீயறையின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகை செல்லும் தொண்டையை ஒடுக்கினார். சாய்ந்த சுவர்கள் காங்கையை முன்னே தள்ளின, ஒடுங்கிய தொண்டை புகையை இழுத்தது. எந்த நாட்டை எதிர்த்துப் போனாரோ அந்த நாட்டின் கொல்லைப்புறங்களிலேயே இன்று அவர் பெயரால் கணப்புகள் எழும்புவதை வரலாற்றின் மன்னிப்பு என்று கொள்ளலாம். குழியார் மறுத்துரைப்பது: சுவர்க்கணப்பின் காங்கை முன்வரிசையில் நடுவில் அமர்ந்த மூவர்க்கே, ஓரத்தார்க்கு அது செவிவழிச் செய்தி என்பது. அம்மறுப்பு உண்மையே. ஆயினும் ஆழத் தோண்டிய குழியிலும் விளிம்பு உயர்ந்த சட்டியிலும் தணல் உள்ளே மறைந்து, அதன் காங்கை இரும்பையும் மண்ணையும் காய்ச்சிக்கொண்டிருக்க, அமர்ந்தவர் கண்ணுக்கு மட்டும் தழல் தெரிகிறது என்பதைக் குழியார் பேசுவதில்லை.

இரு கட்சிக்கும் பொதுவான ஒரு குறை முதுகு. தீ முன்னால் இருக்கும்வரை முதுகு பின்னால்தான் இருக்கும். முழங்கால் கருகும் நேரத்தில் முதுகில் வாடை அடிக்கும். மன்னரைச் சேர்ந்தொழுகுவோர்க்கு வள்ளுவர் 691ஆம் குறளில் தீக்காய்வாரை உவமை காட்டி, மிக நீங்காமலும் மிக நெருங்காமலும் இருக்கச் சொன்னார். தொலைவை அவர் தீர்த்துவைத்தார். முதுகைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. போர்வை என்னும் துணைக்கருவியின்றி எந்தக் கட்சியும் வெல்வதில்லை ஆதலின், வெப்பத்தை வழக்கிலிருந்து தள்ளுக.

புகைவாதம் இதனினும் சுவையுடையது. சுவர்க்கணப்பில் புகைபோக்கி உண்டு. உள்ளிருக்கும் சூடான காற்று இலேசாகி மேலேறுவதால் அடியில் இழுவிசை பிறந்து புகையையும் கொண்டுபோகிறது. குழியில் அது இல்லை. ஆகவே புகை ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறது. அவர் எழுந்து எதிர்ப்புறம் போய் அமர்ந்தால் சிறிது நேரத்தில் புகையும் அங்கே வருகிறது. இதற்கு விளக்கம் உண்டு: தீ தனக்கு வேண்டிய காற்றை எல்லாப் பக்கத்திலிருந்தும் இழுக்கிறது, ஒருவர் அமர்ந்த பக்கத்தில் அவர் உடம்பே அக்காற்றை மறிப்பதால், அங்கே வரத்து குறைந்து புகை அப்பக்கம் சாய்கிறது. அதாவது காற்றடிக்காத மாலையில் புகை அவரைத் தேடி வருவதில்லை, அவரே அதற்கு வழிவிடுகிறார். அமெரிக்கர் இவ்விளக்கத்தை ஏலாது, புகை அழகுள்ளவரையே தொடரும் என்று கூறிக் கண்ணீர் வழியும் விருந்தினரைத் தேற்றுகின்றனர். சிறுவர் முகாம்களிலோ, தமக்கு வெள்ளை முயல்களைப் பிடிக்காது என்று உரக்கச் சொன்னால் புகை திரும்பிப்போகும் என்னும் வழக்கு உள்ளது. முயலுக்கும் புகைக்கும் உள்ள தொடர்பு ஆராயத்தக்கது; ஆயினும் வேறொரு கட்டுரைக்கு உரியது. இப்போது இரட்டைச் சுவர் கொண்ட எஃகுச் சட்டிகள் வந்துள்ளன. சுவரிடுக்கில் சூடேறிய காற்று மேல்விளிம்புத் துளைகளின் வழியே வந்து, எரியாமல் எஞ்சிய புகையை அங்கேயே எரித்துவிடுகிறது. விறகில் ஈரம் 20 விழுக்காட்டுக்குள் இருந்தாலே பாதிப் புகை வராது என்பதை அறிந்தவர் சட்டியை மாற்றுவதற்கு முன் விறகை மாற்றுவர். ஆகவே புகையும் தள்ளுக.

சட்டத்தைச் சுருக்கமாகக் காண்போம். சர்வதேசத் தீ விதித்தொகுப்பு என்று ஒன்று உண்டு. பெயரில் சர்வதேசம் இருந்தாலும் பெரும்பாலும் அமெரிக்க ஊர்களே அதை ஏற்றுள்ளன. விறகுக்குவியல் 3 அடி விட்டத்துக்கும் 2 அடி உயரத்துக்கும் மேற்படாத தீயை அது பொழுதுபோக்குத் தீ என்று பெயரிட்டு, கட்டடங்களிலிருந்து 25 அடி தள்ளி மூட்டச் சொல்கிறது. எடுத்துச்செல்லத்தக்க சட்டிகளுக்கு 15 அடி. தனிவீடுகளுக்கு அதிலும் விலக்கு உண்டு. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் காற்று மாசு எச்சரிக்கை விடுத்த நாள்களில் வீட்டுக்கு உள்ளும் புறமும் விறகே எரிக்கலாகாது என்பதால், அந்நாள்களில் இரு கட்சியாரும் ஒரே குளிரில் சமாதானமாக இருப்பர். இவ்விதித்தொகுப்பில் இவ்வாராய்ச்சிக்கு வேண்டுவது ஒரே ஒரு கட்டளைதான்: தீ அணையும்வரை ஒருவர் இடையறாது அதைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது.

யார் அந்த ஒருவர்? வழக்கின் உயிர்நிலை இங்கேயே உள்ளது.

கிளறுகோல் என்பது எரியும் விறகைப் புரட்டவும் தணலை ஒதுக்கவும் பயன்படும் இரும்புக் கம்பி. கம்பி இல்லாதவிடத்து நீண்ட குச்சியும் அப்பெயர்க்கு உரியது. எரியும் தீயைக் கண்ட மனிதருள், குறிப்பாக ஆடவருள், அதை அப்படியே எரிய விடுவோர் அரியர். நன்றாக எரியும் தீ இன்னும் நன்றாக எரியக்கூடும் என்றும், மங்கும் தீ முன்னவர் கைபட்டதால் மங்கியது என்றும், மேலே கிடக்கும் கட்டையைச் சற்றே இடப்பக்கம் சாய்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் ஒவ்வொருவருக்கும் உள்ளுணர்வு கூறுகிறது. வேலையில் கணக்கர், வீட்டில் கறிக்கு உப்புப் போட்டறியாதவர், ஆயினும் தீயின் முன் அவர் தச்சரும் கொல்லருமாகிறார். கட்டையைச் சாய்க்கிறார், பொறி பறக்கிறது, அதைத் தம் திறத்துக்குச் சான்றாகக் கொண்டு பின்சாய்ந்து அமர்கிறார். மறுகணம் எதிரில் இருப்பவர் குச்சியை எடுக்கிறார்.

இங்கேதான் இரண்டு அமைப்புகளும் பிரிகின்றன. சுவர்க்கணப்பின் வாய் ஒன்று. அதை அணுகும் வழியும் ஒன்று. கிளறுகோல் வாயருகே ஓர் ஆணியில் தொங்கும். அவ்வழியில் அமர்பவர் வீட்டுக்காரர். ஏனையோர் திரையரங்கில்போல ஒரே திசை நோக்கி அமர்ந்து, குறை தோன்றினால் சொல்லலாம், செய்ய முடியாது. தீக்குழியோ எல்லாப் பக்கமும் வாய். எட்டுப் பேர் சுற்றி அமர்ந்தால் எட்டு அணுகுவழி, எட்டுக் குச்சி, எட்டுக் கோட்பாடு. வீட்டுக்காரர் அடுக்கிய விறகின் அமைப்பு அரைமணி நேரத்தில் அவர்க்கே அடையாளம் தெரியாது. போதாக்குறைக்கு, குழியைச் சுற்றிக் குச்சி பிடிப்பது அந்நாட்டில் ஒரு விருந்தோம்பல் மரபுமாகும்: மார்ஷ்மெல்லோ என்னும் சர்க்கரைப் பஞ்சைக் குச்சியில் குத்தித் தீயில் வாட்டி, சாக்லேட்டோடு இரு பிஸ்கட்டுகளுக்கிடையே வைத்துத் தின்னும் பண்டத்தின் செய்முறை 1927இல் பெண் சாரணியர் கையேட்டில் அச்சாயிற்று. குச்சியில் பண்டம் இருக்கும்வரை அது பண்டக்குச்சி. பண்டம் வாய்க்குப் போன அடுத்த நொடியே அது கிளறுகோல். விருந்தினரைப் பண்டம் தின்னலாம், தீயைத் தொடலாகாது என்று தடுக்க எந்த இல்லத்தலைவருக்கும் நாவெழாது.

அஃதேல், குழி வாங்கியவர் எல்லாம் தம் தீயைப் பிறர்க்கு ஈயும் பெருந்தகையரோ எனின், அன்று. அவர்களிற் பலர் சுவர் எழுப்பும் செலவுக்கு அஞ்சியவர். அடித்தளம் இட்டு, தீக்கற்கள் பதித்து, புகைபோக்கி ஏற்றுவதற்கு ஆகும் பணத்தோடு ஒப்பிட, வார இறுதியில் கல் அடுக்கிக் குழி செய்துவிடலாம் என்பதே அவர் தத்துவம். ஆற்றங்கரைக் கூழாங்கற்களை இலவசம் என்று கொண்டுவந்து அடுக்கி, அவற்றுள் தங்கிய நீர் ஆவியாகிக் கல் வெடித்தபோது பாடம் கற்றவரும் அவருள் உண்டு. விலை கருதிக் குழி வைத்தவர் விரைவில் தம் தீயில் பிறர் குச்சி நுழைவதைக் காண்கிறார். அதன்பின் சுவர்க்கணப்பைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். பேசும்போது வெப்பம் என்றும் புகை என்றும் கூறுகிறார். அவ்விரண்டும் மேலே தள்ளப்பட்டன என்பதை நினைவிற் கொள்க. எதிர்மாறாக, சுவர்க்கணப்பின் முன் பல மாலைகள் வெறுங்கையோடு அமர்ந்த விருந்தினரே, தம் வீட்டுக்கு வந்ததும் வட்டமாய் அமர்வதன் தோழமையைப் புகழ்ந்து குழி வெட்டுபவர். கோல் கிடைக்காதவர் குழியை நாடுவர், கோல் பறிபோனவர் சுவரை நாடுவர் என்பது இவ்வாராய்ச்சியின் சுபக்கம். கொள்ளியைக் கையிலேயே பிடித்திருந்த நெடுநல்வாடைக் கோவலர்க்குக் குளிர் தீர்ந்ததோ இல்லையோ, இந்த வழக்கு இல்லை.

விறகே வேண்டாமென்று எரிவாயுவில் இயங்கும் தீமேசையை அமர்த்தியோரும் உளர். நடுவில் எரிமலைக் கற்களைப் பரப்பி, அடியில் குழாய் ஓட்டி, ஒரு திருகியைத் திருப்பினால் நீலமும் மஞ்சளுமாய்த் தழல் எழும்; புகையில்லை, சாம்பலில்லை, புரட்டுவதற்குக் கட்டையும் இல்லை. இங்கே கிளறுகோல் உரிமை தானாகவே ஒழிந்துபோகும் என்று கருதப்பட்டது. ஆயினும் அம்மேசையின் முன் சிறிது நேரம் சும்மா அமர்ந்திருந்த விருந்தினர் ஒருவர் எழுந்து, வேலியோரம் போய், உதிர்ந்து கிடந்த ஒரு சுள்ளியைத் தேடி எடுத்து வந்து, எரியாத கற்களுள் ஒன்றைச் சற்றே இடப்பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, பின்சாய்ந்து அமர்வதைக் காணலாம்.