ஒன்றே முக்கால் குதிரை

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பழைய ஜீப்பின் பானட் திறந்திருக்கிறது, அதற்குள் ஒரு மனிதர் இடுப்புவரை இறங்கியிருக்கிறார் என்றால், பாவம் வண்டி பழுது என்று நினைத்து உதவிக்குப் போய்விடாதீர்கள். பழுது என்றால் அவர் ஆளனுப்பி மெக்கானிக் ஆசானைக் கூப்பிட்டிருப்பார். நன்றாக ஓடுகிற வண்டியைத்தான் அவரே கழற்றுவார்.

போடிமெட்டு, பூப்பாறை, சூரியநெல்லி, கம்பம்மெட்டு, குமுளி என்று இடுக்கியின் தமிழ் எல்லை முழுக்க இவரைப் பார்க்கலாம். பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கமும் கிளை உண்டு. வயது ஐம்பதை ஒட்டி. இரண்டு ஏக்கர் ஏலம். இடுப்பில் கைலி, மேலே சேறு தெறித்த டயர் படம் போட்ட டீசர்ட். வண்டி மஹிந்திரா எம்.எம். 540. கல்யாணத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்ட வண்டி என்பதால், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வாழவந்த அவர் மனைவி அதை 'மூத்தாள்' என்றுதான் சொல்வார். இவரும் மறுத்ததில்லை. மனைவிக்குக் காய்ச்சல் என்றால் கசாயம். மூத்தாளுக்கு ஒரு இருமல் வந்தால் அன்று தோட்டத்துக்கு விடுமுறை.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இந்தக் கழற்றும் வியாதி ஆரம்பித்தது மூணாறு கேப் ரோட்டில். ஏற்றத்தில் இவர் இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு புதிய தார் ஜீப் சத்தமே இல்லாமல் தாண்டிப் போயிருக்கிறது. ஓட்டிய பையன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையால் பலாச்சுளை தின்றுகொண்டிருந்தானாம். தாண்டியதைக்கூட மன்னித்துவிட்டார். பலாச்சுளையைத்தான் மன்னிக்க முடியவில்லை. இவர் ஜீப்பின் பழைய பிஜோ டீசல் எஞ்சினில், லாயத்தில் உள்ள எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டாலும் சுமார் 60 குதிரை. 2020-இல் வந்த தாரின் டீசலுக்கு 130. போதாக்குறைக்கு அதற்கு டர்போ. கொழுக்குமலை மாதிரி ஏழாயிரம் அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். டர்போ உள்ள வண்டி மெலிந்த காற்றையும் அமுக்கித் திணித்துக்கொள்ளும். மூத்தாளுக்கு மூக்கு மட்டும்தான் உண்டு.

"இழுவை பத்தல. அவளுக்கு மூச்சு விட முடியல" என்று கண்டுபிடித்தார்.

மருந்தும் கண்டுபிடித்தார். குளிர்க்காற்றுக் கிட். வளைந்த அலுமினியக் குழாய் ஒன்று, கூம்பு வடிவச் சிவப்பு ஃபில்டர் ஒன்று, சிலிக்கான் ஹோஸ், நாலு கிளாம்ப். புத்தடி ஏலத்தில் காய் விற்ற பணம் கைக்கு வந்த வாரமே கூரியரில் பெட்டியும் வந்தது. தை மாதத்தில் தேயிலைச் செடிமேல் உறைபனி படிகிற ஊரில் குளிர்க்காற்றைக் காசு கொடுத்து வாங்கிய முதல் தமிழர் இவராக இருக்க மாட்டார். கொல்லன் தெருவில் ஊசி விற்கிறவன் பிழைப்பது இப்படித்தான்.

அவருக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். விஷயம் முழுப் புரட்டு அல்ல. வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் பானட்டுக்குள் அடுப்படி வெக்கைதான். சுவாசிக்கும் காற்று பத்து டிகிரி குளிர்ந்தால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடும். அறுபது குதிரையில் மூன்று சதவீதம் என்றால் ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் மேலே. ஆக, எல்லாம் சரியாக அமைந்தால் லாயத்தில் கூடுதலாக ஒன்றே முக்கால் குதிரை வந்து நிற்கும்.

அதுவும் பெட்ரோல் வண்டிக்கு. பெட்ரோல் எஞ்சின் உள்ளே வரும் காற்றுக்குத் தக்கபடி எரிபொருளைச் சேர்த்துக்கொள்ளும். டீசல் எஞ்சின் பொதுவாக எப்போதும் முழு மூச்சுதான் இழுக்கிறது; எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை டீசல் பம்ப்தான் அளந்து ஊற்றித் தீர்மானிக்கிறது. பந்தியில் இலையைப் பெரிதாகப் போட்டால் சோறு கூடிவிடுமா? பரிமாறுகிறவன் கையல்லவா கூட வேண்டும்? பம்ப்பின் திருகைத் திருகி அதையும் கூட்டலாம். கூட்டினால் பின்னால் வருகிறவன் முகத்தில் கரி பூசலாம்.

இதையெல்லாம் பூப்பாறையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஆசானும் சொன்னார். வயது அறுபத்தைந்து. ஜீப்பைத் தவிர வேறெதையும் வண்டி என்று ஒப்புக்கொள்ளாதவர். பெட்டியைத் திறந்து குழாயைக் கையில் எடுத்து, ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்தார்.

"தம்பி, இது ஏது வண்டிக்குள்ளது?"

"யுனிவர்சல், ஆசானே. எல்லா வண்டிக்கும் சேரும்."

"எல்லாருக்கும் அளவான சட்டை ஒருத்தருக்கும் அளவா இருக்காது தம்பி. இருக்கிறதுக்கு என்ன கேடு?"

இருந்தது ஆயில் பாத். தூக்குச்சட்டி மாதிரி ஒரு இரும்பு டப்பா, அடியில் கொஞ்சம் எஞ்சின் ஆயில், மேலே கம்பிவலை. உள்ளே வரும் காற்று ஆயிலை ஒட்டிப் போய்ச் சட்டென்று மேல்நோக்கித் திரும்ப வேண்டும். காற்று திரும்பிவிடும். புழுதிக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. நேராகப் போய் ஆயிலில் விழுந்துவிடும். தப்பிய பொடியை ஆயில் நனைந்த கம்பிவலை பிடித்துக்கொள்ளும். இரண்டாம் உலகப் போருக்குப் போன வில்லிஸ் ஜீப்பிலும் இதே ஏற்பாடுதான். போடியிலிருந்து தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தினமும் 17 கொண்டை ஊசி வளைவு ஏறிவருகிற ட்ரிப் ஜீப்காரர் இந்த டப்பாவை டீசலில் கழுவி, புது ஆயில் ஊற்றி மாட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். நம்மவர் அதற்கு வைத்த பெயர் 'தாத்தா காலத்துச் சட்டி'. சட்டி கழன்றது.

பிறகு நடந்ததை நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். குழாய் பேட்டரியில் இடித்தது. பேட்டரியை நகர்த்தினார்கள். பேட்டரி ஒயர் எட்டவில்லை. ஒயரை நீட்டினார்கள். ஹோஸ் பெரிது, எஞ்சின் வாய் சிறிது; பழைய லாரி ட்யூபை வெட்டிச் சுற்றி இடைவெளியை அடைத்தார்கள். நாலு கிளாம்ப்பில் மூன்று பிடித்தது, நாலாவதின் இடத்தில் கட்டுக்கம்பி. மத்தியானம் இரண்டு மணிக்கு ரேடியேட்டர் ஃபேனுக்கு நேர் பின்னால் அந்தச் சிவப்புக் கூம்பு, கல்யாண வீட்டு வாசலில் சந்தனக் கிண்ணம் வைத்ததுபோல் ஜம்மென்று உட்கார்ந்தது.

டீ கொண்டுவந்த அவர் மனைவி குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, மூத்தாளுக்குக் குளிர்காத்து எங்கிருந்துங்க வருது? ரேடியேட்டர் சூடு அத்தனையும் இது மூஞ்சியிலதான அடிக்குது?"

ஆசான் டீயை ஊதிக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மறு ஞாயிறு கூம்பு கீழே இறங்கி முன்சக்கர மட்கார்டுக்குள் போனது. அங்கே நிஜமாகவே குளிர்ச்சிதான். சக்கரம் வாரி இறைக்கிற புழுதியும் அங்கேதான். நம்மவர் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. அவருக்குச் சத்தம் கிடைத்துவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் 'ஊஊஷ்' என்று ஒரு பெருமூச்சு. இந்த இனத்தார் உண்மையில் வாங்குவது காற்றை அல்ல, அந்தச் சத்தத்தைத்தான் என்பது என் தீர்மானம். அது காதில் விழுந்ததும் வண்டி வேகமாகப் போவதாக அவர்களுக்குத் தோன்றிவிடும். கடிகாரத்தைப் பார்த்துச் சரிபார்க்கிற வழக்கம் கிடையாது. முதல் நாள் சூரியநெல்லிக் கடைவீதியில் பெருமையாக 'ஊஊஷ்' விட்டார். எதிரே வந்த ட்ரிப் ஜீப்காரர் வண்டியை நிறுத்திக் கரிசனமாகச் சொன்னார்: "அண்ணே, டயர்ல காத்து எறங்குது, பாருங்க."

சட்டத்தைப் பற்றி அவரிடம் பேசக்கூடாது. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்த கம்பெனி தந்த அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னதும் கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். அதே வருடத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறையும் உண்டு. ஒருநாள் நான் அவர் வண்டியைச் சுற்றிவந்து டயர், பம்பர், ஹாரன், விளக்கு என்று எண்ண ஆரம்பித்தேன். முப்பத்தைந்தாயிரம் வந்ததும் என்னைத் தோளைப் பிடித்துத் திண்ணைக்கு அழைத்துப் போய்விட்டார்.

ஆடி மாதம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிளம்பினோம். மச்சினர் நெல்லியாம்பதிக்கு ஜீப் சவாரி ஏற்பாடு செய்திருந்தார். மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி. கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போகத் தமிழ்நாட்டுக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் 'ஊஊஷ்' வந்துவிடாமலிருக்க, முட்டைமேல் கால் வைப்பதுபோல் ஆக்சிலேட்டரை மிதித்தார். சித்திரையில் 40 டிகிரி தொடுகிற பாலக்காட்டில் குளிர்க்காற்றுக் கிட்டுக்கு ஏதோ அர்த்தம் இருந்திருக்கும். நாங்கள் போனபோது மழை கொட்டியது.

நெம்மாரா, போத்துண்டி அணை தாண்டி மேலேறி, எஸ்டேட் பாதையில் ஒரு ஓடை. முழங்கால் அளவுத் தண்ணீர். மச்சினரின் ஜீப் கடந்து போனது. நாங்கள் நடுவில் போனபோது சக்கரம் தண்ணீரை வாரி மட்கார்டுக்குள் அடித்தது. மூத்தாள் ஒரு மிடறு குடித்தாள், விக்கினாள், நின்றாள்.

காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போய்ப் பிஸ்டன் அதன்மேல் மோதினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எஞ்சின் அதோடு ஒர்க்‌ஷாப்பில் குடியேற வேண்டியதுதான். மெதுவாகப் போனதால் பிழைத்தோம். எஸ்டேட் டிராக்டர் இழுத்துக் கரை சேர்த்தது. இன்ஜெக்டர்களைக் கழற்றி எஞ்சினைச் சுற்றவிட்டபோது தண்ணீர் கோயில் யானை துதிக்கையிலிருந்து வருவதுபோல் பீய்ச்சியடித்தது. நனைந்த கைலியோடு நின்ற நம்மவரைப் பார்த்து மச்சினர் சொன்னார்: "மாமா, நீங்க குளிர்காத்துதான் கேட்டீங்க. அது குளிர்தண்ணியே குடிச்சிட்டுதுங்க."

திரும்பி வந்ததும் ஆசானிடம் போனோம். நம்மவர் வாயைத் திறக்கும் முன்பே ஆசான் உள்ளே போய், அலமாரியின் அடித்தட்டிலிருந்த சாக்குப்படுதாவை விலக்கினார். வரிசையாக எட்டு ஆயில் பாத் டப்பாக்கள். கழுவித் துடைத்து, ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் வண்டி எண் எழுதி வைத்திருந்தார். கே.எல். 06, கே.எல். 68, கே.எல். 69, ஒரே ஒரு டப்பா பாலக்காட்டு கே.எல். 09. எங்களுடையது ஐந்தாவது.

"பாக்கி ஏழு பேரு?" என்று கேட்டேன்.

"மழை முடியட்டும், வருவாங்க" என்றார் ஆசான்.

பழைய சட்டியை மாட்டி, ஆயில் ஊற்றி, அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டார். காசு வாங்கவில்லை. அந்தச் சிவப்புக் கூம்பு கோழிக்கூட்டின்மேல் கிடக்கிறது. அலுமினியக் குழாயை மட்டும் அவர் மனைவி வீணாக்க விடவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டுக் குளியலறை வெந்நீர் அடுப்புக்குப் புகைபோக்கியாகப் பதித்துவிட்டார். நன்றாக இழுக்கிறது.