கடாரம் கொண்ட மரம்

கடாரத்தை, அதாவது இன்றைய மலேசியாவின் கெடாவைப் பிடிக்க ராஜேந்திர சோழனுக்குக் கப்பல் கப்பலாகப் படை தேவைப்பட்டது. ரப்பருக்கு 22 நாற்று போதுமாயிருந்தது.

1876-இல் ஹென்றி விக்காம் என்ற வெள்ளைக்காரர், பிரேசிலின் தபாஜோஸ் ஆற்றுப் பக்கம் சேர்த்த சுமார் 70,000 விதைகளைக் கப்பலேற்றி லண்டன் கியூ தோட்டத்தில் இறக்கினார். பிரேசில்காரர்கள் அதைக் களவு என்றார்கள். இங்கிலாந்து அவருக்கு சர் பட்டம் கொடுத்தது. முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அடுத்த ஆண்டு கியூவிலிருந்து சிங்கப்பூர் வந்தவைதான் அந்த 22. அதில் ஒன்பது கோலகங்சாருக்குப் போயின. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்து ரிட்லி, எதிர்ப்பட்ட தோட்டத் துரைமாரிடமெல்லாம் விதையைத் திணித்து 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வாங்கினார். அவர்கள் நட்டிருந்த காப்பியின் விலை சரிந்ததும் அந்தப் பைத்தியம் துரைமாரையும் பிடித்தது. கெடாவில் சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் எங்கும் பால்மரம்தான்.

இதுவும் ஒரு பரிணாமக் கதைதான். பரிணாமம் என்றதும் குரங்கு நிமிர்ந்து மனிதனாகும் படம் ஞாபகத்துக்கு வரும். அத்தனை நாடகம் வேண்டாம். ஒரு கூட்டத்தில் எந்த மரபணு எத்தனை பங்கு என்ற கணக்கு தலைமுறைக்குத் தலைமுறை மாறினால் அதுதான் பரிணாமம். தனி மரம் வளரும், வெட்டுப்படும், சாகும், மாறுவது தோட்டம். அமேசானின் மரபணுக் குளத்தில் ஒரு மங்கு, அதாவது ஒரு பால் கோப்பை அளவு, மொண்டுவந்து, 'இதுதான் குளம்' என்றார்கள். (தோட்டத்துக்குக் கூலியாள் சேர்த்த கங்காணியும் தன் ஊர், தன் சொந்தபந்தம் என்றுதான் ஆள் கட்டினார். அவரைத் தனியாகக் குறை சொல்வானேன்?)

விதை மரக் காலத்தில் நிரைக்குள் குணபேதம் இருந்தது. விடியுமுன் ஒட்டுப்பாலை உரித்துவிட்டு உளியை இழுத்தால், ஒரு மரம் மங்கு வழியக் கொடுக்கும். பக்கத்து மரம் நாலு சொட்டு விட்டுக் கையை விரிக்கும். ஆராய்ச்சிக்காரர்கள் மரத்துக்கு மரம் பாலை அளந்து, கொடுக்கிற மரத்தை மட்டும் வம்சவிருத்திக்கு வைத்துக்கொண்டார்கள். இயற்கை செய்யும் என்று டார்வின் சொன்ன வேலையைத் தராசு செய்தது. பிறகு ஒட்டு மரம் வந்தது. 1937-இல் கலப்பு செய்து பிறந்த ஆர்ஆர்ஐஎம் 600 என்ற ரகத்தின் மொட்டை நாற்றில் வைத்துக் கட்டினால், தோட்டம் முழுக்க ஒரே மரம்தான், ஆயிரம் இடத்தில் நிற்கும். பரிணாமத்துக்கு லீவு.

இந்த ஒற்றுமை ஆபத்தானது. 1928-இல் ஹென்றி ஃபோர்டு அதே தபாஜோஸ் கரையில் தோட்டம் போட்டார். நெருக்கி நட்ட மரங்களை இலைக்கருகல் பூஞ்சை மொட்டையடித்தது, 1945-இல் கைகழுவினார். அந்தப் பூஞ்சை இங்கே வந்தால், எதிர்த்து நிற்கும் மரபணுவை எந்த நிரையில் போய்த் தேடுவது?

கெடாவில் பிறகு பல தோட்டங்களில் பால்மரம் சாய்ந்து செம்பனை ஏறியது. அதன் தாய்வழியை விசாரித்தால், 1848-இல் ஜாவாவின் போகோர் தோட்டத்தில் நட்ட நாலே மரம். 22-ஐக் கிண்டல் செய்த வாயை மூடிக்கொண்டேன்.

1981-இல் மலேசியாவையும் சேர்த்துப் பல நாட்டு ரப்பர் ஆராய்ச்சியாளர்கள், இந்தத் தடவை அனுமதி கேட்டு, பிரேசில் காட்டுக்கே திரும்பிப் போய் 60,000-க்கு மேல் விதை சேர்த்தார்கள். பாதியைப் பிரேசில் தன்னிடமே வைத்துக்கொண்டது.