ஏரிக்கரைப் பலகைக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
நீச்சல்காரன் (அனுமதி நிலுவையில்),
அயனம்பாக்கம், சென்னை – 95.

பெறுநர்:
ஏரிக்கரைகளில் பலகை நடும் துறையின் உயர் அலுவலர் அவர்கள்.
(துறையின் பெயர் எழுதியிருந்த இடத்தில் காதணி விழா சுவரொட்டி ஒட்டப்பட்டிருப்பதால் பெயர் குறிப்பிட இயலவில்லை.)

பொருள்: ஏரியில் நீந்த அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: ‘இங்கு குளிக்கவோ, துணி துவைக்கவோ, மீன் பிடிக்கவோ கூடாது’ – தங்கள் பலகை, நாளிடப்படாதது.

ஐயா / அம்மையீர்,

தங்கள் பலகை நலமாக இருக்கிறது என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். சற்றுச் சாய்ந்திருக்கிறது, ஆனால் சென்னையின் மேற்குப் புறநகரில் நேராக நிற்கும் அரசுப் பலகையை நான் இன்னும் பார்க்கவில்லை. காலை நடைக்கு வரும் பெரியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைப் பின்னால் மடக்கித் தொடைக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஆகவே அது பொதுமக்கள் பயன்பாட்டில் உள்ளது.

என் கோரிக்கை சிறியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றரை மணி நேரம் ஏரியில் நீந்த வேண்டும். குளிக்க அல்ல, சோப்பு கொண்டுவர மாட்டேன். துணி துவைக்க அல்ல, உடுத்தியிருப்பதே ஒரு முழம்தான். மீன் பிடிக்க அல்ல, மீன் என்னைக் கடிக்காமல் விட்டால் போதும்.

எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்பீர்கள். என் அக்காவும் அதையேதான் கேட்கிறார். கோவாவில் 2019 முதல் அயர்ன்மேன் 70.3 என்று ஒரு போட்டி நடக்கிறது. கடலில் 1.9 கிலோமீட்டர் நீந்தி, 90 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, கடைசியில் 21.1 கிலோமீட்டர் ஓட வேண்டும். சைக்கிளுக்கு பைபாஸ் சர்வீஸ் ரோடு இருக்கிறது. உயிரோடு வீடு திரும்பினால் அதுவே நல்ல பயிற்சி. ஓடுவதற்கு ஏரிக்கரை இருக்கிறது. வேகத்தை நாய்கள் பார்த்துக்கொள்கின்றன. நீச்சலுக்குத்தான் வழியில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர், நடுவில் தங்கள் பலகை.

நீச்சல்குளத்துக்குப் போகலாமே என்று அடுத்து கேட்பீர்கள். போகலாம். 1995இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக வேளச்சேரியில் கட்டிய 50 மீட்டர் குளம் இருக்கிறது. மெரினாவில் மாநகராட்சிக் குளமும் இருக்கிறது. அயனம்பாக்கத்திலிருந்து இவற்றுக்குப் போய்ச் சேர்வதே நான்காவது போட்டி. எங்கள் அடுக்ககத்திலும் ஒரு குளம் உண்டு, ஏழெட்டு முறை கையை வீசினால் மறுகரை வந்துவிடும். ஒரு காலத்தில் இந்த ஏரியின் மதகைத் திறந்து நெல் விளைவித்த ஆயக்கட்டில்தான் அந்த அடுக்ககம் நிற்கிறது. ஏரி தெரியும் பக்கத்து வீடுகளுக்குச் சதுர அடிக்குக் கூடுதலாக வாங்கினார்கள். அந்த வகையில் ஏரியைப் பார்ப்பதற்கு நான் ஏற்கெனவே காசு கட்டியவன்.

50 மீட்டர் குளத்தில் 1.9 கிலோமீட்டர் என்றால் 38 நீளம். ஒவ்வொரு நீளத்தின் முடிவிலும் ஒரு சுவர் இருக்கும். அதை உதைத்துத் திரும்பும்போது உடம்புக்கு ஒரு நொடி ஓய்வு. தரையில் போட்டிருக்கும் கறுப்புக் கோடு வழி காட்டும். ஏரியிலும் கடலிலும் சுவர் இல்லை, கோடு இல்லை, அடி தெரியாது. ஐந்தாறு வீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி, தூரத்தில் ஒரு பனைமரத்தையோ செல்போன் கோபுரத்தையோ குறிவைத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் ஓர் அலை வாயில் அறையும். குளத்தில் சளைக்காமல் இரண்டு கிலோமீட்டர் நீந்துபவர், அடி தெரியாத தண்ணீரில் இருநூறு மீட்டர் போனதும் மூச்சு முட்டிப் படகைக் கூப்பிடுவது இந்த விளையாட்டில் சாதாரணம். அந்தப் பயத்தை நீச்சல்குளத்தில் பழக்க முடியாது.

கடலில் பழகலாமே? மெரினாவில் இறங்கினால் போலீஸ்காரர் விசில் ஊதுவார். அங்கே நீரோட்டம் ஆளை இழுப்பது உண்மை என்பதால் அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நீந்துவதற்கென்றே இடம் ஒதுக்கிய கோவளம், இங்கிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். அந்தக் கோவளத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதில் தங்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது.

தமிழன் திறந்த நீரில் நீந்துவது புதிய மோகம் என்று கோப்பில் குறிப்பெழுதிவிட வேண்டாம். 1954இல் நவரத்தினசாமி பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் அதே நீரிணையைப் போக வர நீந்தினார். மிஹிர் சென் 1966இல் ஒரே ஆண்டில் ஐந்து நீரிணைகளையும் கால்வாய்களையும் கடந்து செய்த சாதனையை, 1994இல் ஆறு நீர்வழிகளைக் கடந்து முறியடித்தவர் சென்னைப் பையன் குற்றாலீசுவரன். அப்போது அவருக்கு ஏறக்குறைய பதின்மூன்று வயதுதான். 2019இல் தேனிச் சிறுவன் ஜெய் ஜஸ்வந்த் பத்து வயதில் பாக் நீரிணையில் இறங்கினான். நல்லவேளையாக அங்கே பலகை நட இடமில்லை. நீந்தி முடித்துக் கரையேறியவருக்குப் பொன்னாடை போர்த்த இந்த மாநிலம் ஒருநாளும் தவறியதில்லை. இறங்குகிற இடத்தில்தான் தகராறு.

இனி தண்ணீருக்கு வருவோம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளைப் பயன்பாட்டை வைத்து ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறது. குளிக்கத் தகுந்தது ‘பி’ வகை. அதில் 100 மில்லிலிட்டருக்குக் கோலிஃபார்ம் கிருமி 500க்கு மேல் போகக் கூடாது. சுத்திகரித்துக் குடிநீராக்கத் தகுந்தது ‘சி’ வகை. அதில் 5,000 வரை இருக்கலாம். காரணம் நியாயமானதுதான்: குடிநீருக்கு இடையில் வடிகட்டியும் குளோரினும் உண்டு, நீச்சல்காரன் நேராக விழுங்குகிறான். ஆனால் 2019இல் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு, சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீரை நகரம் குடித்தபோது, அடுத்து எங்கே உறிஞ்சலாம் என்ற பட்டியலில் ரெட்டேரி, பெரும்பாக்கத்தோடு எங்கள் அயனம்பாக்கமும் ஏறியது. ஆக, இந்த ஏரி என் வீட்டுக் குழாய்க்குள் வரலாம். நான் ஏரிக்குள் போகக் கூடாது.

இதில் முரண்பாடு ஏதும் இல்லை என்று தாங்கள் பதில் எழுதினால் ஒத்துக்கொள்கிறேன். என் கேள்வி வேறு. அந்த 500, 5,000 என்ற கணக்கில் எங்கள் ஏரி எங்கே நிற்கிறது? பலகையில் அது இல்லை. மீறினால் என்ன தண்டனை என்பதைச் சொல்லத் தயாராக இருக்கும் பலகை, இறங்கினால் என்ன வியாதி என்பதைச் சொல்லத் தயங்குகிறது.

தயக்கத்துக்குக் காரணம் அக்கம்பக்கத்தில் தெரிகிறது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூருக்கு, கொரட்டூர் நிரம்பினால் ரெட்டேரிக்கு என்று கலங்கல் வழியாகத் தண்ணீரை அனுப்பிய ஏற்பாடு நம் முன்னோர் செய்தது. 1960களில் தொழிற்பேட்டை வந்தது, பிறகு நகர்கள் வந்தன, பாதாளச் சாக்கடை மட்டும் நிதானமாக வந்தது. அதற்குள் அதே வழியில் வேறு சரக்கு ஓடத் தொடங்கி, கொரட்டூர் ஏரி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போய் நிற்கிறது. புறநகர் ஏரிகளுக்கு ராத்திரியில் வரும் கழிவுநீர் லாரிகளும் தங்கள் பலகையைக் கடந்துதான் வருகின்றன. இருட்டில் எழுத்து தெரியாது போலும். பலகைக்கு மேலே ஒரு விளக்கு போட்டுப் பார்க்கலாம்.

பாரிஸ் நகரம் சேன் நதியில் குளிக்க 1923இல் தடை போட்டது. பலகை நடுவதில் தங்களுக்கு அவர்கள் அண்ணன்கள். 2024 ஒலிம்பிக்குக்காக ஏறக்குறைய 140 கோடி யூரோ செலவழித்து நதியைச் சுத்தப்படுத்தினார்கள். அப்படியும் மழை பெய்து கிருமி ஏறியது, ஆண்கள் டிரையத்லான் ஒருநாள் தள்ளிப்போனது, உலகமே சிரித்தது. ஆனாலும் எண்ணை மறைக்கவில்லை. 2025 ஜூலையில் நதியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, தண்ணீரின் தரத்துக்கேற்பக் கரையில் கொடி ஏற்றுகிறார்கள். நூறு வருடம் ஆயிற்று. தங்களுக்கும் அவகாசம் இருக்கிறது.

பாரிஸ் எங்கே, பாடி எங்கே என்பீர்கள். சரி, கோவளத்துக்கு வாருங்கள். 2021இல் அந்தக் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. அதற்குத் தண்ணீரைத் தவறாமல் பரிசோதித்து, முடிவைக் கரையில் எழுதிவைத்து, உயிர்காப்பாளரை நிறுத்த வேண்டும். இதே தமிழ்நாட்டு அரசுதான் செய்தது. வெளிநாட்டுக்காரன் கொடி கொடுத்தால் செய்யத் தெரிந்த வேலையை, அயனம்பாக்கத்துக்காரன் மனு கொடுத்தால் செய்ய முடியாமல் போகுமா?

பாதுகாப்பைப் பற்றித் தாங்கள் எழுப்பப்போகும் ஆட்சேபணையை நானே எழுப்பிவிடுகிறேன். ஏரியில் ஆபத்து உண்டு. இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துகொண்டே இருப்பவன், சவுடு மண் அள்ளிய பள்ளத்தில் திடீரென ஆளுயரத்துக்கு இறங்குவான். ஆகாயத்தாமரை வேர் காலைச் சுற்றும். கோடை விடுமுறையில் கல்குட்டைகளில் பையன்கள் மூழ்கிய செய்தி வராத வருடம் இல்லை. அந்தக் குட்டைகளின் கரையிலும் பலகை இருந்திருக்கும். பலகை பையனைக் காப்பாற்றியதில்லை, விசாரணையில் துறையைக் காப்பாற்றியிருக்கிறது. எங்கள் தாத்தாக்கள் பேரனின் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளி நீச்சல் பழக்கினார்கள். இப்போது கிணறுகளை மூடிப் போர் போட்டாகிவிட்டது. நீச்சல் தெரியாத ஒரு தலைமுறையை வளர்த்துவிட்டு, தண்ணீரருகே போகாதே என்று மட்டும் எழுதிவைத்திருக்கிறோம்.

சேத்துப்பட்டு ஏரியில் படகு விடுகிறார்கள், ஆவடி பருத்திப்பட்டு ஏரியிலும் விடுகிறார்கள். ஏரியில் மனிதன் மிதப்பதை அரசு கொள்கையளவில் ஏற்றுக்கொண்டுவிட்டது. பிளாஸ்டிக் வாத்துக்குள் உட்கார்ந்து மிதக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அந்த வாத்தை மட்டும் தளர்த்திக் கொடுத்தால் போதும். கார்த்திகை முதல் மாசி வரை ஏரியில் தண்ணீர் நிற்கும் மாதங்களில், பள்ளமில்லாத ஒரு பகுதியை அளந்து நானூறு மீட்டருக்கு மிதவை கட்டுங்கள். ஞாயிறு காலையில் இரண்டு உயிர்காப்பாளர்கள் ஒரு படகில் இருக்கட்டும். இடுப்பில் மிதவை கட்டாதவனை இறக்க வேண்டாம். கட்டணம் வையுங்கள், ரசீதோடு கட்டுகிறோம்.

இதெல்லாம் இப்போது முடியாது என்றால், ஒன்று மட்டும் செய்யுங்கள். தங்கள் பலகையின் பின்பக்கம் காலியாக இருக்கிறது. மாதம் ஒருமுறை ஏரித் தண்ணீரைப் பரிசோதித்து, கோலிஃபார்ம் எவ்வளவு என்று அதில் தேதியோடு எழுதுங்கள். 500க்கு மேல் இருந்தால் நான் இறங்க மாட்டேன், தாங்கள் தடுக்கவே வேண்டாம். ஆனால் பலகையைப் பிடித்துக் காலை மடக்கும் பெரியவர்கள் அதை வாசிப்பார்கள். எங்கிருந்து வந்தது இவ்வளவு என்று கேட்பார்கள். யார் குழாய், எந்த லாரி என்று தேடுவார்கள். நீந்த வருபவனைத் தடுப்பது எளிது. அவர்களுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம், அது எனக்கும் புரிகிறது.

வரும் பருவமழைக்குப் பின் ஏரி நிரம்பியதும் முதல் எண்ணை எழுதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பெயிண்ட் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
கரையில் நிற்கும்
நீச்சல்காரன்