கல்லுக்குள் ஓடும் லித்தியம்

கேள்வி: திடப்பொருளுக்குள் லித்தியம் அயனி ஓடுவதைக் காந்த ஒத்ததிர்வுக் கருவி எப்படிக் கண்டுபிடிக்கிறது?
- வாசகர், காரைக்குடி

பதில்: இளைத்திருப்பதைப் பார்த்துத்தான்! லித்தியம்-7 அணுக்கரு ஒரு குட்டிக் காந்தம். கடுங்குளிரில் அயனி இடம்விட்டு நகராது. அக்கம்பக்கத்துக் காந்தங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, நிறமாலைக் கோடு பல கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பருத்துக் கிடக்கும். சூடேற்றினால் அயனி தாவத் தொடங்கும். இழுபறி சராசரியாகி, கோடு ஊசிபோல் மெலியும். உட்கார்ந்தால் பெருப்பதும் ஓடினால் இளைப்பதும் நமக்கு மட்டுமல்ல!

அடுத்தது தளர்வு நேரம், அதாவது கிளறிவிட்ட அணுக்கருக் காந்தங்கள் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம். 1948-ல் புளூம்பெர்கன், பர்செல், பவுண்ட் தந்த சூத்திரப்படி, தாவும் வேகம் கருவியின் அதிர்வெண்ணை நெருங்கும் வெப்பநிலையில் அது மிகக் குறைந்துவிடும். வெப்பநிலையோடு அது மாறும் சரிவைக் கொண்டு, ஒரு தாவலுக்கு எவ்வளவு ஆற்றல் செலவு என்று கணக்கிடலாம்.

ஆனால் ஊஞ்சலாடுவதும் அசைவுதான், ஊர் போய்ச் சேர்வதும் அசைவுதான். தளர்வு நேரம் நின்ற இடத்து ஆட்டத்தையும் சேர்த்துக்கொள்ளும். மின்கடத்துதிறன் ஊர் போய்ச் சேர்ந்தவர்களை மட்டுமே எண்ணும். 2007-ல் முருகன், தங்கதுரை, வெப்னர் மூவரும் அறிவித்த லித்தியம் கார்னெட் போன்ற, அயனி ஓடும் திடப்பொருள்களில் இரண்டையும் அளந்து ஒப்பிட வேண்டும். இந்தப் பானைக்கு ஒரு சோறு பதம் போதாது!