பழஞ்சைக்கிள் கருவியியல்: சித்தூர், திருப்பதி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

தாத்தா விட்டுச் சென்ற சைக்கிளைக் கழற்றுவதற்குரிய கருவி எங்கே கிடைக்கும் என்பதே இவ்வாய்வின் பொருள். ஆய்வெல்லையின் ஒரு முனை திருப்பதி கோவிந்தராஜசுவாமி கோயிலைச் சுற்றிய தெருக்கள். மறுமுனை சித்தூர் சர்ச் தெரு. இடைப்பட்ட எழுபது கிலோமீட்டரை ஆய்வாளர் பஸ்ஸில் கடந்தார். ஆய்வுப் பொருள் ஓடுகிற நிலையில் இருந்திருந்தால் ஆய்வே தேவைப்பட்டிராது.

முதலில் வரலாறு. சித்தூர் மாவட்டம் பிறந்தது 1911 ஏப்ரல் 1. அணா போய் நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. திருத்தணி இம்மாவட்டத்தை விட்டுச் சென்னை மாநிலத்துக்குப் போனது 1960 ஏப்ரல் 1. நம் பக்கத்து எல்லைகளும் அளவுகளும் முட்டாள்கள் தினத்தன்றே மாறும் என்பது இதனால் பெறப்படும். திருப்பதி தனி மாவட்டமானது 2022 ஏப்ரல் 4. மூன்று நாள் பிந்திவிட்டதால் அதை விதிவிலக்காகக் கொள்க.

இத்தனைக்கும் அசைந்து கொடுக்காதது சைக்கிளின் அங்குலக் கணக்கு. இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு கூட்டுச் சேர்ந்து முருகப்பா குழுமம் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கி, அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸை இறக்கியது. ரூபாய் நூறாகப் பிரிந்த பின்பும் அந்த வண்டிகளின் பின்சக்கரத்துக் குண்டு கால் அங்குலம், முன்சக்கரத்துக் குண்டு 3/16 அங்குலம். ஹார்டுவேர் கடையிலோ 'பத்து பதினொண்ணா, பன்னெண்டு பதிமூணா?' என்று மில்லிமீட்டரில் கேட்கிறார்கள். பழைய இரும்புக் கடைக் குவியலில் இங்கிலீஷ் ஸ்பேனர் அகப்பட்டால் குழப்பம் இன்னும் கூடும். 1841இல் திருகு மரைக்கு ஒழுங்கு வகுத்த ஜோசப் விட்வொர்த்தின் வழிவந்த ஸ்பேனர்களில் பொறித்திருப்பது வாயின் அகலம் அன்று; அது பிடிக்கும் போல்ட்டின் பருமன். அரை அங்குலம் என்று எழுதியிருப்பதை அளந்து பார்த்து ஏமாந்தவர்கள் இரு மாநிலத்திலும் உளர்.

மரையிலும் சமயப் பிரிவு உண்டு. பிரிட்டிஷ் சைக்கிளில் கிராங்க் அச்சைத் தாங்கும் சென்டர் கப்பின் மரை அங்குலத்துக்கு 24 சுற்று. நாட்டிங்காம் ராலே மட்டும் 26 என்று தனியாக நாமம் போட்டுக்கொண்டது. வடகலை தென்கலை போல, தள்ளி நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். கப்பை மாற்றிப் போட்டு முறுக்கிப் பார்த்தவருக்கே பேதம் புலப்படும். அதோடு, சென்டரின் வலப்பக்கக் கப்புக்கும் இடப்பக்கப் பெடலுக்கும் மரை எதிர்த்திசையில் ஓடுகிறது. கழற்றுவதாக எண்ணி இறுக்குவோர் பலர், அவர்களில் படித்தவர்களே அதிகம்.

இனி, கருவிகளை நன்னூல் நூலைப் பகுத்த முறையிலேயே முதல், வழி, சார்பு என மூன்றாகப் பகுக்கலாம். முதற்கருவி, தொழிற்சாலை வண்டியோடு தந்தது. அது எல்லா வீட்டிலும் இருந்தது, எந்த வீட்டிலும் இல்லை. வழிக்கருவி, இறந்துபோன வேறொரு இயந்திரத்தின் எலும்பில் பிறப்பது: லாரிப் பட்டையைத் தேய்த்துச் செய்த கோன் பானா, ஸ்கூட்டர் அச்சை அறுத்துச் செய்த தட்டுக்கோல். சார்புக்கருவி, அருகில் கிடக்கும் கல்.

இப்பகுப்பின் உரைகல் காட்டர் பின். கிராங்கைச் சென்டர் அச்சோடு பிணைக்கும் 3/8 அங்குலப் பருமனுள்ள, ஒரு பக்கம் சாய்வாகச் சீவிய ஆப்பு அது. வாலில் உள்ள நட்டுதான் அதை இழுத்துப் பிடிக்கிறது என்று பாமரர் நம்புவர். அப்படியன்று. அடித்து இறக்கியதை நழுவாமல் காப்பது மட்டுமே நட்டின் வேலை. நாற்பது வருடத் துருவுக்குப் பிறகு அந்த வேலைக்கும் அவசியம் இராது.

எடுக்கும் முறை: நட்டைப் பாதி தளர்த்தி மரையின் முனையோடு சமமாக நிறுத்துக. பின்னின் தலை உள்ளே இறங்கும்படி கிராங்கின் அடியில் ஓர் இரும்புக் குழாயை முட்டுக் கொடுக்க. ஓங்கி ஒரே அடி. முட்டு இல்லாவிட்டால் அடி பின்னை விட்டுவிட்டுச் சென்டர் குண்டுகளில் இறங்கும். கப் குழி விழும். தயங்கித் தயங்கிப் பத்து அடி அடித்தாலோ மரை நசுங்கி வாய் விரிந்து, காரியம் கோவிந்தா. பிறகு டிரில் கடைக்குத்தான் போகவேண்டும். புதுப் பின்களை இரு பக்கமும் ஒன்றுக்கொன்று எதிர்முகமாகச் செருகுவதும் முக்கியம். தவறினால் பெடல்கள் இரண்டும் நேர்கோட்டில் நில்லாமல் ஆளை நொண்ட வைக்கும்.

முட்டுக்குச் சித்தூர்ச் சைக்கிள் கடையில் தண்டவாளத் துண்டு, திருப்பதிக் கடையில் நடைபாதைக் கருங்கல். எது சிறந்தது என்ற விவாதத்தில் ஆய்வாளர் நுழையவில்லை. இரண்டு கடையிலும் சுத்தியல் கடைக்காரர் கையில் இருந்தது.

மேலை நாடுகளில் காட்டர் பின்னை அழுத்தி வெளியேற்றத் திருகுப் பொறி விற்கிறார்களே, அதை வரவழைத்தால் என்ன என்பாரும் உளர். அது பொருந்தாது. அக்கருவி பின் பின்னாகவே இருக்கும் என்று நம்பிச் செய்யப்பட்டது. நம்முடையதை நாலு மெக்கானிக்குகள் அரத்தால் ராவித் தம்தம் சுத்தியலுக்கு இணக்கியிருக்கிறார்கள். நட்டின் ஆறு மூலையும் பிளையர் பட்டு வட்டமாகிவிட்டபின் எந்த நம்பர் ஸ்பேனர் என்ற கேள்விக்கே இடமில்லை. இந்த வட்டாரத்தில் உறுப்புக்கேற்ற கருவியைத் தேடுவதில்லை; கருவிக்கேற்ப உறுப்பைத் திருத்துகிறார்கள். ஆகவே உன் வண்டிக்குப் பொருந்தும் கருவி உலகில் ஒன்றுதான்; அது, வண்டியைக் கடைசியாக ஓவராயில் செய்தவரின் தகர டப்பாவில் இருக்கிறது.

அதைக் கடன் கேட்கலாமா? கேட்டோம். "பானா எல்லாம் வெளிய தர்றதில்ல சாமி, வண்டிய விட்டுட்டுப் போ, நாளைக்குச் சாயங்காலம் வா" என்றது சித்தூர். "ரேப்பு சாயந்த்ரம் ரண்டி" என்றது திருப்பதி. மொழி வேறாயினும் உரிப்பொருள் ஒன்றே: இருத்தல். சிறுபொழுதும் மாலையே. எனவே சைக்கிள் கடை முல்லைத் திணையின்பாற்படும் எனத் துணியலாம். பெரும்பொழுதான காரும் ஒத்துவருகிறது. மழையில் ரிம் நனைந்து பிரேக் கட்டை வழுக்குவதால் கடையில் கூட்டம் கூடுவது அப்போதுதான். தெய்வம் மாயோன் என்பதில் திருப்பதிக் கடைக்குத் தடையே இல்லை. சித்தூர்க் கடைச் சுவரில் மட்டும் காணிப்பாக்கம் பிள்ளையார் தொங்குகிறார். தொல்காப்பியர் எந்த நிலத்தையும் அவருக்கு ஒதுக்கவில்லையாதலால், அக்கடையின் திணை இன்னும் முடிவாகவில்லை; வண்டியும் அங்கேதான் இருக்கிறது.