இராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பீரும் சைடிஷும்: ஓர் ஒப்பியல் நோக்கு

உணவுக்கேற்ற பீரைத் தேர்ந்தெடுப்பது குறித்து மேலைநாட்டார் எழுதிக் குவித்திருக்கிறார்கள். கோதுமை பீருக்கு மீன், கறுத்த ஸ்டவுட்டுக்குச் சிப்பி என்று நீளும் அக்கோட்பாடு முழுவதும் தேர்வு என்னும் ஒற்றைத் தூணில் நிற்கிறது. இராஜபாளையத்தில் அத்தூணே கிடையாது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். (கருதுகோள் இல்லாத கட்டுரையைக் கருத்தரங்குகள் ஏற்பதில்லை. முடிவு இல்லாவிட்டால் பரவாயில்லை.)

வரலாற்றுப் பின்புலம். சங்க காலத்தில் சிக்கல் இல்லை. வீட்டிலேயே அரிசியில் ஆக்கிய தோப்பி என்னும் கள்ளைப் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. இறைச்சியும் உடன் வருகிறது. பிறகு பல நூற்றாண்டுகள் கழிந்தன. 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. மறு ஆண்டே முதல்வரானவர் இராஜபாளையத்துக்காரரான பூ. ச. குமாரசுவாமி ராஜா. ஆகவே இக்காலத்து உள்ளூர்ச் சான்றுகள் அடக்கமாகவே கிடைக்கின்றன. 1971இல் விலக்கு விலகி, திரும்ப வந்து, திரும்ப விலகி, 2003இல் சில்லறை விற்பனை டாஸ்மாக் வசமானது.

களப்பணி. கவுண்டர் கம்பிக்கு வெளியே நிற்பவர் "எந்த பீர்?" என்று யோசிப்பதில்லை. "அண்ணாச்சி, கூலிங் எது இருக்கு?" என்கிறார். "இதான் இருக்கு" என்று விடை வருகிறது. ஆக, 650 மில்லி பாட்டில் மாறிலி, தட்டுதான் மாறி. பீருக்கேற்ற உணவைத் தேடுவதே இவ்வட்டார மரபு (பக்கத்து மேசை, வாய்மொழி, முதல் பாட்டில்).

இனி வகைப்பாடு. ஊறுகாய்: தொட்டுக்கொள்வது. ஆம்லெட்: முட்டை. மாங்காய்க் கீற்று: பருவம் சார்ந்தது. எண்ணெய் பரோட்டா: விருதுநகருக்குரியது, எல்லைத் தகராறு கருதி விடப்படுகிறது.

எஞ்சுவது காராச்சேவு. அருகிலேயே சாத்தூர் இருக்கையில் இது எஞ்சாமல் எப்படி? காராச்சேவும் பீரும் பொருந்தும் என்பதை அறிஞர்கள் ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டி நிறுவியிருக்கிறார்கள். எவரும் தின்றுபார்த்ததாகத் தெரியவில்லை. வேதியியலோ வேறு சொல்கிறது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் தண்ணீரில் கரையாது. பீரின் பெரும்பகுதி தண்ணீர். அதிலுள்ள கரியமில வாயு நாக்கில் தன் பங்குக்கு ஊசி குத்துகிறது. கசப்பு, காரத்தைத் தூக்கிக் காட்டுகிறது. குளிர் சற்று நேரம் மரக்கவைக்கிறது, அவ்வளவே. அதனால் அடுத்த மடக்கு, அதனால் அடுத்த பிடி சேவு. இச்சுழற்சிக்குத்தான் பொருத்தம் என்று பெயர் (அதே மேசை, வாய்மொழி, மூன்றாம் பாட்டில், திருத்திய பதிப்பு).

காரத்தை உண்மையில் அடக்குவது பாலிலுள்ள கேசின் என்னும் புரதமும் கொழுப்பும். இவ்விரண்டும் சுண்டச் சுண்டக் காய்ந்து திரண்டு கிடக்கும் பொருள் எங்கே? பன்னிரண்டு கிலோமீட்டர் வடகிழக்கே, ஸ்ரீவில்லிபுத்தூரில், 2019இல் புவிசார் குறியீடும் பெற்று, கால் கிலோ பொட்டலமாக. பசும்பாலும் சர்க்கரையுமாக இப்படியொரு தீர்வு பஸ் ஸ்டாண்டு வாசலிலேயே விற்கும்போது சைடிஷ் ஆய்வுகள் அதைக் கண்டுகொள்ளாதது ஏன்? துறை வேறு என்பார்கள். இனிப்பு ஒரு துறை, காரம் ஒரு துறை. இரண்டுக்கும் நடுவே தாழ்வாரம், அதில் இரண்டு துறைத் தலைவர்கள், பேச்சுவார்த்தை இல்லை.

பால்கோவாவைப் பீருடனேயே சேர்க்கலாமா? இனிப்பைவிட பீர் குறைந்த இனிப்பாக இருக்கக்கூடாது என்பது மேலைநாட்டு விதி. அதற்குப் பால் சர்க்கரை சேர்த்த ஸ்டவுட் வேண்டும். கவுண்டரில் கேட்டதற்கு, "பால் வேணும்னா பால் பூத்துக்குப் போங்க" என்றார்கள். ஆனால் மாற்றுக் கருத்தும் உண்டு. (மேலது. ஆயினும் காண்க: எதிர் இருக்கைக்காரரின் மறுப்புரை, பக்கோடா மடித்துவந்த நாளிதழ்த் துண்டின் ஓரத்தில் கடன் வாங்கிய பேனாவால் எழுதியது, எண்ணெய் பட்டு இரண்டாம் வரி சிதைவு, அவருடைய மைத்துனரின் உரையுடன், சப்ளையர் மேசை துடைத்தபின் மூலப்பிரதி கிடைக்கவில்லை.) கிடைக்காத மூலத்திலிருந்து மேற்கோள் காட்டும் உரிமை பேராசிரியர்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்ததல்ல.

எனவே காராச்சேவுக்கு மிகப் பொருத்தமான பானம் பால்கோவா என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படுகிறது. பால்கோவா பானம்தானா என்ற வினா இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அதற்குத் தனியே நிதி ஒதுக்கப்பட வேண்டும்.