தகட்டுக்குள் ஒளிந்த விரிசல்

தொண்ணூறுகளில் சிங்கப்பூர் கப்பல் பட்டறைகளுக்கு ரேடியோகிராபி வேலைக்குப் போன திருச்சிப் பையன்களில் நானும் ஒருவன். பெல் ஆலையின் பாய்லர் வெல்டிங்கைச் சுற்றி வளர்ந்த ஊர் எங்களுடையது. வெல்டர், ஃபிட்டர், ரேடியோகிராபியைக் குறிக்கும் ஆர்ட்டி என்றால் என்னவென்று பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ரேடியோகிராபி சான்றிதழ் கையில் இருந்தால் ஏஜென்ட் தானாக வீடு தேடி வருவார்.

வேலை இரவில்தான். பகலில் ஆயிரம் பேர் நடமாடுகிற இடத்தில் கதிரைத் திறக்க முடியாது. வெல்டர்களும் பெயிண்டர்களும் போன பிறகு கயிறு கட்டி, சிவப்பு விளக்குப் போட்டு, விசில் ஊதி, மிச்சமிருக்கிற ஆட்களையும் கிளப்பிவிட்டுத்தான் உள்ளே போவோம். நாங்கள் கேமரா என்று சொன்ன பெட்டி 20 கிலோவுக்கு மேல் கனக்கும். அதற்குள் இருந்தது மிளகளவு இரிடியம்-192. மற்ற கனமெல்லாம் அதை அடக்கி வைக்கும் யுரேனியக் கவசம். சாரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறி, தகட்டின் ஒரு பக்கம் ஃபிலிமையும் மறுபக்கம் குழாய் முனையையும் கட்டிவிட்டு, பத்து மீட்டர் தள்ளிப் போய் நின்று கிராங்கைச் சுற்றினால் சோர்ஸ் வெளியே போகும். நேரம் முடிந்ததும் திரும்ப உள்ளே இழுத்து, சர்வே மீட்டரின் முள் இறங்கியதைப் பார்த்த பிறகே கிட்டப் போகலாம்.

இரிடியத்தின் அரை ஆயுள் 74 நாள். புதுச் சோர்ஸில் மூன்று நிமிடம் பிடிக்கிற ஷாட்டுக்கு இரண்டரை மாதம் கழித்து ஆறு நிமிடம் வேண்டும். ஃபோர்மேன் கேட்கிற படங்களின் எண்ணிக்கை மட்டும் குறையாது.

விடிவதற்குள் டார்க் ரூம். டெவலப்பர் 20 டிகிரியில் இருந்தால் ஐந்து நிமிடம். அந்த ஊர் வெக்கையில் தொட்டியைச் சுற்றி ஐஸ் கட்டி போட்டுத்தான் 20 டிகிரியைப் பிடிப்போம். சிவப்பு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஃபிலிமின் நடுவே வெல்டிங் வெளிறிய பட்டையாகத் தெரியும். அதில் கருப்புப் பொட்டுகள் இருந்தால் காற்றுக் குமிழி. கோணல்மாணலான கறை கசடு. நட்டநடுவே நேராக ஓடும் கருங்கோடு என்றால் வெல்டிங் அடிவரை இறங்கவில்லை. கூடவே ஈய எழுத்தில் இடத்தின் எண், வெல்டரின் எண். மெல்லிய கம்பிகள் பதித்த பட்டையின் நிழலும் விழுந்திருக்கும். எத்தனையாவது கம்பிவரை தெரிகிறது என்பதுதான் படம் தேறுமா தேறாதா என்பதற்கு அளவு.

சர்வேயர் அந்த ஃபிலிமை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. கண்ணுக்கு முன்னால் படம் இருக்கிறதே! ஆனால் அந்தப் படம் நன்றாகக் காட்டுவது பருமனுள்ள குறைகளை. குமிழியும் கசடும் தகட்டுக்குள் இடத்தை அடைப்பதால் கதிர் அங்கே அதிகமாகக் கடந்து கருப்பாக விழும். பார்க்கப் பயமாக இருக்கும். பலத்தைப் பெரிதாகக் குறைக்காது. விரிசலுக்கும், ஓரச் சுவரில் ஒட்டாமல் போன வெல்டிங்குக்கும் பருமனே கிடையாது. கதிர் அந்தப் பிளவின் போக்கிலேயே போனால்தான் படத்தில் கோடு விழும். கொஞ்சம் சாய்ந்திருந்தால் படம் பளிங்காக இருக்கும். கப்பலைப் பிளப்பது இத்தகைய விரிசல்தான்.

1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்தில் ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பலுக்கு நடந்ததை வெல்டிங் படித்த எல்லோருக்கும் சொல்லித் தருவார்கள். புயல் இல்லை, அலை இல்லை. வெள்ளோட்டம் முடிந்து பட்டறைத் துறையில் கட்டிக் கிடந்த புத்தம்புதுக் கப்பல், குளிரான இரவில் மேல்தளம் தொடங்கி இரண்டு பக்கமும் பிளந்தது. அடித்தகடுதான் இரண்டு பாதிகளையும் பிடித்துக்கொண்டிருந்தது. காரணம்: குளிரில் நொறுங்கும் எஃகு, அழுத்தம் குவியும் மூலை, அந்த மூலையில் ஒரு மோசமான வெல்டிங். ஒரு கப்பலில் வெல்டிங் கிலோமீட்டர் கணக்கில் ஓடும். படம் எடுப்பது சில நூறு இடங்களில், பெரும்பாலும் நடுப்பகுதியில், தையல்கள் ஒன்றையொன்று சந்திக்கும் முனைகளில். அந்தக் கொஞ்ச இடத்திலும் சாய்ந்த விரிசலுக்குக் கண்ணில்லாத முறையை நம்பி நாங்கள் இரவிரவாக விழித்திருந்தோம் என்பது இன்று நினைத்தாலும் மனதை அறுக்கிறது.

ஒலியலையால் சோதிக்கும் அல்ட்ராசானிக் அப்போதும் இருந்தது. அதில் விரிசல் நன்றாக மாட்டும். ஆனால் திரையில் துள்ளும் ஒரு பச்சைக் கோட்டை ஆபரேட்டர் பார்த்துச் சொல்வதுதான் சாட்சி. அடுத்த வாரம் இன்னொருவர் எடுத்துப் பார்க்க எதுவும் மிஞ்சாது. ஃபிலிம் மிஞ்சும். இத்தனை காலம் ஃபிலிம் தாக்குப்பிடித்ததற்குப் பெரிய காரணம் அதுதான்.

கப்பலின் படங்களை அப்படிப் பத்திரமாக வைத்திருந்தார்கள். எங்கள் சட்டையில் குத்தியிருந்த, உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் பேட்ஜில் விழுந்த கணக்கு எங்களுக்கு வந்து சேரவில்லை. கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் ஆண்டுக்கு 50 மில்லிசீவர்ட் என்றிருந்த வரம்பை, ஐந்தாண்டுச் சராசரியாக 20 என்று 1990 பரிந்துரையில் இறக்கியது. அந்த எண்ணுக்கு எவ்வளவு கிட்டத்தில் நாங்கள் நின்றோம் என்பதை நான் வேலை பார்த்த துணை ஒப்பந்த நிறுவனம் ஒருநாளும் சொல்லவில்லை. கேட்டால், "சரியாத்தான் இருக்கு, போ" என்பார்கள். இது அநியாயம். ஒப்பந்த ஆளாக இருந்தாலும் அவன் உடம்பு வாங்கிய கதிருக்கு எழுத்தில் கணக்குக் கொடுத்தே ஆக வேண்டும். இந்த வேலைக்குப் போகிற பையன்களிடம் இன்றும் அதைத்தான் முதலில் கேட்டு வாங்கச் சொல்கிறேன்.

இப்போது என் அக்காள் மகன் சிங்கப்பூரின் துவாஸ் பக்கம் அதே தொழிலில் இருக்கிறான். அவன் கையில் இருப்பது ஃபேஸ்டு அரே என்ற அல்ட்ராசானிக் கருவி. உள்ளங்கைக்குள் அடங்கும் ப்ரோபில் வரிசையாகச் சிறுசிறு படிகங்கள். ஒவ்வொன்றையும் நொடியின் நுண்பகுதி முன்பின்னாகத் துடிக்கவைத்தால் ஒலிக்கற்றையை விரும்பிய கோணத்துக்குத் திருப்பலாம். சாய்ந்த விரிசல் ஏதாவது ஒரு கோணத்தில் அகப்பட்டுவிடும். ப்ரோபோடு உருளும் சின்னச் சக்கரம் எந்த இடத்தில் எடுத்தது என்பதையும் சேர்த்துப் பதிந்துகொள்வதால், யார் வேண்டுமானாலும் பிறகு திறந்து பார்க்கலாம். சிறு குழாய், மெல்லிய தகடு என்று வந்தால் இன்னும் ஆர்ட்டி தேவைப்படுகிறது. கப்பலின் கனத்த தகடுகளில் மெல்ல மெல்லப் பகலுக்கு வந்துவிட்டார்கள். கயிறு இல்லை, விசில் இல்லை, யாரையும் விரட்ட வேண்டியதில்லை.

எங்கள் காலத்தில் வெல்டர் தன் குறையைப் பார்த்ததே கிடையாது. இரண்டு நாள் கழித்து ரிப்பேர் சீட்டில் அவர் எண் வரும். எங்களைப் பகையாளியாகப் பார்ப்பார். போன மாதம் மருமகன் ஸ்கேன் செய்தபோது வெல்டர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார், புதுக்கோட்டைக்காரர்.

"அண்ணே, இங்க பாருங்க. ஓரத்துல ஒட்டல, 14 மில்லி ஆழம்."

"நல்லாத்தானே ஓட்டினேன். இன்னொரு தடவை வச்சுப் பாரு தம்பி."

மறுபடி வைத்தாலும் அதே இடத்தில் அதே சிவப்புக் கீற்று. சாக்பீஸால் குறித்து, மதியமே தோண்டி எடுத்து, திரும்ப வெல்டிங் வைத்திருக்கிறார். பிறகு அவராகவே கூப்பிட்டாராம்: "அடுத்த ஜாயின்ட்டையும் பாத்துரு தம்பி. அதையும் அதே சாய்மானத்துலதான் ஓட்டினேன்."